மணி ஒன்று

என் பையில் இருப்பவை:
சிவப்புக் கட்டைகள் எட்டு, துணிப்பொம்மை ஒன்று,
பிடி உடைந்த கோப்பை ஒன்று, மணி ஒன்று.
கையெழுத்துப் போட்டு எடுத்து
கையெழுத்துப் போட்டுத் திருப்ப வேண்டும்.

அபு ஷகாராவில் பழைய கட்டடம், ஆறாம் மாடி.
மூன்று குடும்பமும் இரண்டு பேச்சிலரும்
ஒரே அடுப்பில் முறைவைத்துப் பொங்கும் ஃப்ளாட்.
ஹாலை ப்ளைவுட்டால் இரண்டாக வகுத்ததில்
ஜன்னல் இருக்கும் பாதி சபுராவுக்கு.
ஜன்னலுக்கு வாடகை தனி.

குழந்தை எண் 0417.
வயது முப்பது மாதம், ஒன்பது நாள்.
படிவத்தில் பெயர் எழுதக் கூடாது.
கூப்பிடலாம்; நுஹா என்று கூப்பிட்டேன்.

கேள்விகளை எழுதியவர்கள் வேறெந்த ஊரோ.
'கைப்பிடி பிடிக்காமல் படியேறுவாளா?'
'லிஃப்ட்தானே இருக்கு' என்றாள் சபுரா,
அது தன் தப்பு மாதிரி.
'பந்தை உதைப்பாளா?'
கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில்
நான் மடக்கி வைத்திருந்த கால்களை
இருவரும் பார்த்தோம்.
'இரண்டு சொல் சேர்த்துப் பேசுவாளா?'
'பேசுவா. சத்தம் வராது.'

வராது என்றால்?
மோவாயால் பலகையைக் காட்டினாள்.
அந்தப்பக்கம்,
ராத்திரி முழுக்க ரொட்டி அடுப்பின் முன் நின்றுவிட்டு
ஒருவர் படுத்திருக்கிறார்.
'நாப்பது நாள் பிள்ளையா இருக்கையிலேயே
வாயில வெரல் வச்சுத்தான் வளத்தேன்.
மொதப் பேச்சே உஷ்.'

எட்டுக் கட்டையையும் அடுக்கினாள் நுஹா,
முட்டைமேல் முட்டை வைப்பதுபோல.
கோபுரம் அசையவில்லை.
கைத்திறன், வயதுக்கு மேல் என்று குறித்தேன்.
சரிந்திருந்தால் தேவலை என்றிருந்தது.

அடுத்தது கேட்டல்.
முதுகுப்பக்கம் மணியடிக்க வேண்டும்,
திரும்புகிறாளா என்று பார்க்க வேண்டும்.
மதியம் ஒரு மணி. அடித்தேன்.

திரும்பவில்லை, பாய்ந்தாள்.
மணியின் நாக்கை இரண்டு கையாலும் பொத்தி
என் காதுக்குள் வெறும் காற்றாக,
'மாமா தூங்குது.'

இரண்டு சொல்.
பதினான்காம் கேள்விக்கு ஆம்.
குரலின் அளவுக்குக் கட்டம் இல்லை.
பயமா பரிவா என்பதற்கும் இல்லை.

அப்போதுதான் பலகை தட்டியது.
டொக். டொக்டொக்.
முக்காட்டை இழுத்துக்கொண்டு
சபுரா மன்னிப்புக்கு வாய்திறக்கும் முன்
நுஹா நடந்துபோய், ஒற்றை விரலால்,
டொக். டொக்டொக்.
அங்கே இருமலோடு ஒரு சிரிப்பு.
'அடிக்கட்டும்மா, முழிச்சுத்தான் கெடக்கேன்.'

எத்தனை நாளாக இப்படி என்றேன்.
சபுராவுக்குத் தெரியவில்லை.
இந்நேரம் அவள் அடுப்பு முறையில் இருப்பாள்.
பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்,
அது நேற்று இரவு முளைத்ததுபோல.

குறிப்புக் கட்டத்தில் அறுபது எழுத்துதான் கொள்ளும்.
'சுவரோடு முறைமாற்றித் தட்டுகிறாள்' என்று எழுதினேன்.
நீக்கிவிடுவார்கள்.
ப்ளைவுட் எந்த அட்டவணையிலும் ஏறாது.

என் பையில் இன்னொரு படிவம் உண்டு,
பதினொன்று முதல் பதினேழு வயதுவரை.
'கடந்த இரண்டு வாரங்களில்' என்றே
ஒவ்வொரு கேள்வியும் தொடங்கும்.
அதை முன்னூறு வீட்டுப் பிள்ளைகளிடம்
குரல் மாறாமல் வாசித்திருக்கிறேன்.

என் வீடு அல் மஜாஸில், நான்காம் மாடி.
விதுரனுக்குப் பதினைந்து.
கதவு சாத்தியிருந்தது. பூட்டவில்லை,
பூட்டுவதில்லை, அப்படி ஒரு சண்டையும் கிடையாது.
பையைத் தோளில் இருந்து இறக்காமலே நின்றேன்.
உள்ளே மணி ஒருமுறை கிணுங்கி அடங்கியது.

டொக். டொக்டொக்.

நெடுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு, ஒரு காதில் இருந்து மட்டும்
ஹெட்ஃபோனை விலக்கிய குரல்:
'என்னம்மா, சாப்பாடா?'

ஆமாம் என்றேன்.
உலை இன்னும் வைக்கவில்லை.